பீச் ஓரத்து பழைய வீடு, உப்பு பூத்த ஒரு சுவர்: பாண்டிச்சேரி ரெஸ்டாரண்ட் ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

எதுக்கு இத எழுதறேன்

நான் சிவில் இன்ஜினியர். பாண்டியிலயும் கடலூர் பக்கமும் பழைய வீடு ரிப்பேர் வேலை எடுத்து பண்றவன். பீச் ரோட்டுக்கு ஒரு தெரு உள்ள தள்ளி, ஒயிட் டவுன்ல, அதாவது பழைய பிரெஞ்சுக்காரங்க பகுதியில, ஒரு பழைய வீட்ட ரெஸ்டாரண்டா மாத்துன வேலையில ஆரம்பத்துல இருந்து இருந்தேன், இன்னிக்கும் ஏதாவது கொட்டுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும். அதுல நாங்க பண்ண தப்புல பாதி என்னோடது. இப்போ பாண்டியில தெருவுக்கு நாலு வீடு கஃபே ஆகிட்டு இருக்கு, ஒவ்வொருத்தரும் அதே தப்ப முதல்ல இருந்து பண்றாங்க, அதனால எழுதி வைக்கறேன். ஆளுங்க பேரு, கடை பேரு எதுவும் போடல.

வீட்டோட கதை

வீட்டுக்காரங்க ஒரு பாட்டி. பாண்டியில நிறைய குடும்பம் மாதிரி அவங்க குடும்பமும் பிரெஞ்சு குடியுரிமை வாங்கிட்டு பாரிஸ் பக்கம் போய் செட்டில் ஆனவங்க, தமிழ் மட்டும் அப்படியே பாண்டி தமிழ். வாட்ஸ்அப்ல கூப்பிட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. அவங்க தாத்தா காலத்துல முன்கட்டு முழுக்க மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை அடுக்கி வெச்சிருந்தாங்களாம், கப்பலுக்கு போற சரக்கு. பாண்டியில இருந்து பிரான்ஸ்ல இருக்கற மார்செய் துறைமுகத்துக்கு மல்லாட்டை போனதெல்லாம் ஊரறிஞ்ச சரித்திரம், அதனால நம்பலாம். அப்புறம் குடும்பம் குடியிருந்தது, 1954ல பிரெஞ்சுக்காரங்க கைமாத்திட்டு போனதுக்கு அப்புறம் ஏதோ ஆபீசுக்கு வாடகை, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் லாட்ஜ், கடைசியா பூட்டி கிடந்தது.

பீச் பக்கம் பழைய கட்டடத்துல சாப்பாட்டுக் கடை நடத்துறது பாண்டிக்கு புதுசு இல்ல, பீச் ரோட்டுலயே லே கஃபே இருக்கற கட்டடம் ஒரு காலத்துல துறைமுக ஆபீஸ். ஆனா அது கடல் மேலயே நிக்குது, வர்றவங்களுக்கு காபியும் அலையும் போதும். எங்க வீடு வேற மாதிரி, உள்ள வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் சாப்பிடற இடம்.

வீடு எப்படின்னா: ஒன்றரை அடிக்கு மேல தடிமனான செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேல மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதுக்கு மேல சட்டம், சட்டத்து மேல சின்ன செங்கல செங்குத்தா நிறுத்தி சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு இடிச்சு கெட்டிப்படுத்தி, கடைசியா தட்டோடு. முன்கட்டு கூரை 15 அடி உயரம். நடுவுல முற்றம், அதுல ஒரு காகிதப்பூ கொடி.

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம். ரெஸ்டாரண்ட் நடத்த வந்த அக்கா மெனு கார்டுல "1750ல கட்டுன பிரெஞ்சு மாளிகை"ன்னு போட நினைச்சாங்க. 1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடிச்சு தரைமட்டமா இடிச்சான், 1763 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து 1765 வாக்குல மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க. அப்ப 1750 வீடு எங்கிருந்து வந்துச்சு? பாட்டிகிட்ட இருந்த பிரெஞ்சு பத்திரத்துல கிடைச்ச பழைய கைமாற்றமே 19ஆம் நூற்றாண்டு கடைசியிலதான். அக்காவுக்கு கொஞ்சம் வருத்தம். "பழைய வீடு"ன்னு மட்டும் போட்டாங்க, கூட்டம் ஒண்ணும் குறையல.

மொதல்ல பார்த்தது

2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில பீச் ரோட்ல மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சு காலத்து நகராட்சி ஆபீஸ், சரிஞ்சு விழுந்துச்சு. 1870 வாக்குல கட்டுனது, ஊருக்கே அடையாளம் மாதிரி இருந்தது. அது விழுந்த அடுத்த வருஷம்தான் அக்கா இந்த வீட்ட லீஸ் எடுத்தாங்க, அதனால முதல் நாளே அவங்க கேட்ட கேள்வி, "தம்பி, இது விழாதுல்ல?"

மாடியில ஏறிப் பார்த்தோம். லாட்ஜ் காலத்துல ஒழுகுதுன்னு யாரோ தட்டோட்டு மேலயே மூணு இஞ்ச் சிமெண்ட் காங்கிரீட் போட்டு, அதுக்கு மேல ஒரு தண்ணி டேங்கையும் வெச்சிருந்தாங்க. கணக்கு போட்டா முன்கட்டு மேல மட்டும் 60 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 180 கிலோ, மொத்தம் 10 டன்னுக்கு மேல சும்மா உக்காந்திருக்கு. ஒரு லாரிய மாடியில பார்க் பண்ண மாதிரி. உத்திரம் 14, எல்லாத்தையும் சுவருக்குள்ள போற முனையில குத்திப் பார்த்தோம். மூணுல ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு, நடுவுல தட்டினா கணீர்னு சத்தம், முனையில மட்டும் ஊறின பிஸ்கட் மாதிரி.

கீழ கடல் பக்கம் பார்த்த சுவர் மூணு அடி உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. கையால தடவுனா மாவு மாதிரி உதிரும். அப்ப நான் அத பெருசா எடுத்துக்கல, கடல் பக்கத்து வீடு, உப்பு இருக்கத்தானே செய்யும்னு நினைச்சேன். பயம் எல்லாம் கூரை மேல.

மாடி பத்தி எடுத்த முடிவு

அக்காவோட கனவே மாடியில டேபிள் போடறதுதான், அங்க இருந்து கடல் தெரியும். நான் முடியாதுன்னேன். மாடியில 30 பேர் உக்காந்தா, சர்வர் ஓடினா, சனிக்கிழமை ராத்திரி யாராவது டான்ஸ் ஆடினா அந்த உத்திரம் தாங்கும்னு கையெழுத்து போட எனக்கு தைரியம் இல்ல. ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. அப்புறம் மேரி இடிஞ்ச இடத்து பக்கமா ஒரு நாள் நடந்து போய்ட்டு வந்து அவங்களே "சரி, மாடி வேணாம்"னாங்க.

காங்கிரீட்ட இயந்திரம் வெச்சு உடைக்காம உளியால சின்ன சின்னதா எடுத்தோம், அதிர்வுல கீழ இருக்கற பழைய செங்கல் கழண்டுடக் கூடாதுன்னு. 22 நாள் ஆச்சு. மூணு உத்திரத்துக்கும் அழுகின முனைய வெட்டிட்டு பழைய தேக்கு ஒட்டு போட்டோம், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ், சாதா இரும்பு இந்த காத்துல துருப்பிடிச்சு பெருத்துட்டு மரத்தையே பிளந்துடும். டேங்க பின்கட்டுக்கு மாத்தினோம், அது அப்புறமா கட்டின காங்கிரீட் கட்டடம், கிச்சனும் அங்கதான். இந்தப் பகுதியில எனக்கு இன்னிக்கும் குறை இல்ல.

சுவர்: முதல் தப்பு

கடை திறக்க தேதி குறிச்சாச்சு, காசும் கரைஞ்சாச்சு. சுவர் உதிருதேன்னு கேட்டப்ப நான் சொன்ன வழி, பழைய பூச்ச மூணு அடிக்கு கொத்திட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து சிமெண்ட் பூச்சு, மேல நல்ல பிளாஸ்டிக் பெயிண்ட். காலேஜ்ல படிச்சது அதுதானே. கூட இருந்த மேஸ்திரி, அறுபது தாண்டினவரு, பரம்பரையா சுண்ணாம்பு வேலை பாக்கறவரு, "தம்பி, இந்த சுவருக்கு சிமெண்ட் ஆகாது, மூக்க பொத்தின மாதிரி ஆயிடும்"னாரு. நான் தலையாட்டிட்டு சிமெண்ட் மூட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன். அதுலயும் கலவைக்கு தண்ணி எங்கிருந்து எடுத்தோம்னா கொல்லைக் கிணத்துல இருந்து. வாயில வெச்சா கரிக்கற தண்ணி. அத யாரும் யோசிக்கல.

கடை அமோகமா திறந்துச்சு. ஏழு மாசத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நின்னுச்சு. சிமெண்ட் பூச்சு கெட்டியாதான் இருந்தது, ஆனா அதுக்கு மேல, அஞ்சடி உயரத்துல, நல்லா இருந்த பழைய பூச்சு கொட்ட ஆரம்பிச்சது. மூணடியில வெளிய ஆவியாப் போயிட்டு இருந்த ஈரத்த நான் அடைச்சேன், அது வழி தேடி இன்னும் மேல ஏறி அங்க போய் வெளிய வந்துச்சு, உப்பையும் கையோட கூட்டிட்டு. சாப்பிடறவங்க கண்ணு உயரத்துல, தட்டு பக்கத்துல. ஒருத்தரு வஞ்சிரம் வறுவல் மேல வெள்ளையா என்னமோ விழுந்துடுச்சுன்னு திருப்பி அனுப்பினாரு.

ரெண்டாவது தப்பு

அவசரத்துக்கு மரப்பலகை அடிச்சு மூடினோம். பார்க்க அழகாத்தான் இருந்தது, போட்டோ எடுக்காத ஆளு இல்ல. ஒரு மழைக்காலம் தாண்டினதும் பூசண வாசம், அடுத்து கரையான். இதப் பத்தி இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல, கண்ணுல படாம மூடி வெச்சோம் அவ்ளோதான்.

பலகைய பிரிச்சதுக்கு அப்புறம் அக்கா ஒரு வேலை பண்ணாங்க, அது நல்லதுக்குத்தான் ஆச்சு. காலையில கூட்டறவங்ககிட்ட ஒரு டீ கிளாஸ் கொடுத்து, சுவர் ஓரம் உதிர்ந்தத கூட்டி அதுல போட்டு, எத்தன நாள்ல கிளாஸ் ரொம்புதுன்னு பில் புக் பின்னாடி எழுதச் சொன்னாங்க. "நீங்க வந்து பாக்கறப்பல்லாம் பரவால்லன்னு சொல்றீங்க தம்பி, எனக்கு கணக்கு வேணும்"னு. அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு கிளாஸ் ரொம்பிட்டு இருந்தது. நாலாம் நம்பர் டேபிள் பக்கம்தான் அதிகம்னும் எழுதியிருந்தாங்க. அது ஏன்னு அப்ப எங்களுக்குப் புரியல.

லாக்டவுன்ல கிடைச்ச விடை

2020 மார்ச்ல எல்லாம் மூடினாங்க. வீட்டுக்கு காவலுக்கு இருந்த பையன் பழக்கதோஷத்துல கூட்டி கிளாஸ்ல போட்டுட்டே இருந்திருக்கான். ஜூன்ல போய் பாக்கறேன், கிளாஸ் கால்வாசி கூட ரொம்பல. மூணு மாசத்துக்கு கால் கிளாஸ்!

அதே சுவர், அதே கடல், அதே உப்புக் காத்து. ஆளு வரலைங்கறதுக்காக சுவர் உதிராம இருக்குமா? மாறினது ஒண்ணே ஒண்ணுதான், ஏசி ஓடல. நாலாம் நம்பர் டேபிளுக்கு நேர் மேலதான் ஏசி காத்து சுவர்ல அடிக்கும்.

மேஸ்திரிய கூப்பிட்டு காட்டினேன். அவரு கிளாஸ்ல இருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, "சோத்துப்பு தம்பி, வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு. அங்கதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. வீட்டுல உப்பு ஜாடி மழைக்காலத்துல தண்ணி விட்டுக்கும், வெயில்ல வெச்சா கட்டியாகும் இல்லையா, அதேதான். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினா சோத்துப்பு ஈரத்த இழுத்து கரைஞ்சுடும், அதுக்கு கீழ வந்தா திரும்ப உறையும். உறையறப்ப செங்கலோட நுண்ணிய ஓட்டைக்குள்ள உக்காந்து பக்கவாட்டுல தள்ளும், அந்த தள்ளுல பூச்சு பொடியாகும். மத்தியானம் 12 மணிக்கு ஏசி போட்டா ஹால் காஞ்சு உப்பு உறையும், ராத்திரி கடை மூடி ஜன்னல் திறந்தா கடல் காத்து வந்து கரைக்கும், மறுநாள் மறுபடி. கடல் தானா அப்பப்ப பண்ற வேலைய நாங்க கரண்ட் பில் கட்டி தினமும் பண்ண வெச்சிருந்தோம்.

உப்பு உள்ள எப்படி வந்ததுங்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு தரையில இருந்து ஊறி ஏறறது, இன்னொண்ணு சாரல். மேஸ்திரி சொல்றது, அவரு சின்ன வயசுல பீச் ரோட்டுக்கு முன்னாடி மணல் இருந்துச்சு, அலை அதுல படுத்துடும். 80கள் கடைசியில துறைமுகத்துக்கு தடுப்புச் சுவர் கட்டினப்புறம் மணல் போச்சு, கருங்கல் கொட்டினாங்க, அலை கல்லுல அடிச்சு தெறிச்சு சாரல் தெருவுக்கு வருதுன்னு. மணல் போனதும் கல்லு கொட்டினதும் எல்லாருக்கும் தெரிஞ்சது, சாரல் எவ்ளோ கூடுச்சுன்னு நான் அளந்தது இல்ல.

மூணாவது தடவை செஞ்சது

ரெண்டு முடிவு. அந்த ஹால்ல ஏசி எடுத்துடறது. சிமெண்ட முழுசா கொத்திட்டு சுண்ணாம்புக்கு திரும்பறது. முதல் முடிவுக்குத்தான் சண்டை. பாண்டி மே மாசத்துல ஏசி இல்லாத ஹாலா, யாரு வருவாங்கன்னு அக்கா கேட்டது நியாயமான கேள்வி. கடைசியா ஒத்துக்கிட்டது எப்படின்னா, 15 அடி கூரையும் முற்றமும் சும்மா இல்ல, மேல இருக்கற வென்டிலேட்டர லாட்ஜ்காரங்க செங்கல் வெச்சு அடைச்சிருந்தாங்க, அத திறந்தோம், நீளத் தண்டு ஃபேன் போட்டோம், ஏசி வேணும்ங்கறவங்களுக்கு பின்கட்டுல ஒரு ரூம்.

சிமெண்ட கொத்தினா உள்ள செங்கல் ஈரமா கருப்பா இருந்தது. மூணு வாரம் சும்மா விட்டோம். அப்புறம் உப்ப இழுக்க பேப்பர் கூழ் அப்பினோம், பிரிண்ட் இல்லாத வெள்ளைக் கழிவுப் பேப்பர ஊறவெச்சு, அரைச்சு, கொஞ்சம் களிமண் சேர்த்து விரல் தடிமனுக்கு. மேஸ்திரி சிரிச்சாரு, "என்ன தம்பி, முட்டிக்கு போடற மாதிரி சுவருக்கு பத்து போடறீங்க?" பத்தேதான். ஈரத்துல உப்பு கரைஞ்சு கூழுக்கு வரும், கூழ் காஞ்சதும் உரிச்சு எறிஞ்சுடணும். இந்த தடவை தண்ணி கிணத்துல எடுக்கல, கிச்சன் ஆர்ஓ தண்ணி. மூணு ரவுண்டு போட்டோம், முதல் ரவுண்டு கூழ் காஞ்சப்ப அது மேல உப்பு பளபளன்னு நின்னுச்சு, மூணாவதுல மங்கலா.

பூச்சுக்கு நீத்தின சுண்ணாம்பு, ஆத்து மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி. அந்த தண்ணி பத்து நாளுக்கு மேல ஊறினா வர்ற வாசம் இருக்கே, பக்கத்து வீட்டுல சாராயம் காய்ச்சறீங்களான்னு கேட்டாங்க. அக்காவுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து கண்ணாடி மாதிரி தேய்க்கற பழைய மெட்ராஸ் சுண்ணாம்பு பூச்சு வேணும், மேஸ்திரி கீழ அஞ்சடிக்கு முடியாதுன்னுட்டாரு, "மினுக்கினா மூச்சு முட்டும்மா". அதனால கீழ சொரசொரப்பா வெறும் சுண்ணாம்படி, மேல மட்டும் மினுக்கல். கீழ இருக்கறது சாகறதுக்குன்னே போட்ட பூச்சு, உப்பு வந்து அத தின்னட்டும், செங்கல விடட்டும், நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கொத்திட்டு புதுசு போடலாம்ங்கற கணக்கு. பாட்டிக்கு இத போன்ல விளக்கினப்ப, "எங்க ஆயா பொங்கலுக்கு பொங்கல் சுண்ணாம்பு அடிச்சாங்களே, அது இதுக்குத்தானா"ன்னு கேட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது

திறந்த முதல் கோடையில ஏசி இல்லன்னு திரும்பிப் போனவங்க உண்டு, குறிப்பா மத்தியானம். அக்கா மத்தியான மெனுவையே சுருக்கிட்டு, சாயங்காலம் 6 மணிக்கு மேல பீச் ரோட்ல வண்டி விடமாட்டாங்க, ஜனம் நடந்து வரும், அந்த நேரத்துக்கு ஆள போட்டாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், வஞ்சிரம் விலை ஏறும், அந்த ரெண்டு மாசம் எப்படியும் மந்தம்தான், சின்னச் சின்ன பூச்சு வேலைய அதுல வெச்சுக்கறோம்.

டீ கிளாஸ் கணக்கு: முதல் வருஷம் மாசத்துக்கு ஒரு கிளாஸ், இப்போ ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. நிக்கல. நிக்கும்னு நான் சொல்லவும் இல்ல.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் பாண்டி பக்கத்துலதான் கரை ஏறுச்சு, ஒரே நாள்ல 46 செ.மீ. மழை. எனக்கு தூக்கம் இல்ல, மேரிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. காலையில தண்ணியில வண்டிய தள்ளிட்டு போய் பார்த்தா உத்திரம் ஒண்ணும் அசையல, ஆனா முன்கட்டு ஒரு மூலை மட்டும் பொத்துக்கிட்டு ஊத்துது. மேல ஏறிப் பார்த்தா காகிதப்பூ சருகு மழைத்தண்ணி குழாய் வாயில மெத்தை மாதிரி அடைச்சு, அந்த மூலையில முழங்கால் அளவு தண்ணி தேங்கி நின்னுது. கையால அள்ளிப் போட்டதும் கடகடன்னு இறங்கிடுச்சு. பத்து டன் காங்கிரீட்ட எடுத்துட்டு, ஒரு கூடை சருகுல கோட்டை விட்டோம்.

மறுபடி பண்ணா என்ன மாத்துவேன்

சுவர தொடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம், முடியலைன்னா ஒரு மழைக்காலமும் ஒரு கோடையுமாவது, அந்த டீ கிளாஸ் வேலைய செய்வேன். பொடி எங்க, எப்ப, எவ்ளோன்னு தெரியாம கொத்தினதாலதான் ரெண்டு தடவை காசு போச்சு. ஈரப்பத மீட்டர் ஒண்ணு ஹால்லயே மாட்டியிருந்தா ஏசி விஷயம் முதல் மாசமே தெரிஞ்சிருக்கும், அத வாங்காம பலகைக்கு செலவு பண்ணோம்.

கலவைத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாக்காம வேலை ஆரம்பிக்க மாட்டேன். மேஸ்திரி ஆகாதுன்னா ஏன்னு கேட்பேன், அன்னிக்கு நான் கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு. குழாய் வாயிக்கு ஜல்லடை போட்டாச்சு, அக்டோபர் பிறந்ததும் மாடிய கூட்டறதுக்கு ஆள் வெச்சாச்சு. கொடிய வெட்டலாம்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பாட்டியும் அக்காவும் ஒரே குரல்ல வேணாம்னுட்டாங்க.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. பின்கட்டு ஏசி ரூமுக்கும் முன்கட்டுக்கும் நடுவுல இருக்கற பொதுச் சுவர், அது பழைய செங்கல் சுவர்தான், ஏசி ரூம் பக்கமா போன மாசம் தரையில இருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையா கோடு தெரியுதுன்னு போட்டோ அனுப்பியிருக்காங்க. அக்காகிட்ட இன்னொரு டீ கிளாஸ் வைக்கச் சொல்லியிருக்கேன்.